தேம்பாவணியில் அடைக்கல வாழ்வு

தமிழில் தோன்றிய கிறித்தவக் காப்பியங்களுள் தலைமை சான்றது வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட இந்நூல் 1726-இல் நிறைவு பெற்றது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரை, ‘வளன்’ என்னும் இனிய தமிழ்ப் பெயரால், பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. இதன் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் பாராட்டி எழுதியோர் பலர். கம்பரின் நடை எங்கெங்கே ஒலிக்கிறது, சிந்தாமணியின் சாயல் எவ்விடத்தில் படிகிறது, வள்ளுவரின் சொல் எப்பாடலில் ஆளப்படுகிறது என்று எடுத்துக்காட்டியோரும் பலர்.

ஆயின், காப்பியத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது ஆராய்ச்சியாளரின் ஆர்வம் தளர்ந்துவிடுகிறது. வளனும் மரியாளும் குழந்தையை எடுத்துக்கொண்டு எசித்து நாட்டுக்கு ஓடும் பகுதி அது. ‘கதை நகரவில்லை, வழியெல்லாம் கிளைக்கதைகள், காப்பியக் கட்டுக்கோப்பு தளர்ந்துவிட்டது’ என்பது அதன்மேல் சுமத்தப்படும் குற்றம். வகுப்பில் பாடம் சொல்லும் ஆசிரியரும் வருணனைப் பாடல்கள் சிலவற்றை விளக்கிவிட்டு, இப்பகுதியைத் தாண்டிச் செல்வதே வழக்கமாக உள்ளது. இக்குற்றச்சாட்டு பொருந்துமா என்பதைச் சற்றே ஆராய்வது தகும். தாண்டிச் செல்லும் அந்தப் பகுதியிலேதான் நூலின் உயிர்நிலை இருக்கிறது எனில், தாண்டுவோர்க்கு அஃது இழப்பன்றோ?

மூன்று வசனம், ஒரு காண்டம்

மத்தேயு எழுதிய நற்செய்தியில் எசித்து ஓட்டம் மிகச் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். தூதர் கனவில் வந்து எச்சரிக்கிறார். சூசை எழுந்து, பிள்ளையையும் தாயையும் இரவோடு இரவாக அழைத்துச் செல்கிறார். மன்னன் இறக்கும்வரை அங்கே தங்குகிறார். மூன்று வசனங்களில் செய்தி முடிந்துவிடுகிறது. எத்தனை நாள் நடந்தார்கள், எங்கே உறங்கினார்கள், எதை உண்டார்கள் என்பதற்கு விடை இல்லை. அதனினும் வியப்பு, நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசை வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்லும் இல்லை என்பது. கேட்பார், எழுவார், செய்வார்; பேச மாட்டார்.

இந்த மூன்று வசனங்களை முனிவர் தம் காப்பியத்தின் நடுக்கூறாக விரித்தார். ‘பைதிரம் நீங்கு படலம்’ என்ற தலைப்பே கருத்துடையது. பைதிரம் என்பது நாடு. நாட்டை விட்டு நீங்குவதற்கு ஒரு தனிப் படலம் வகுத்து, வாய்பேசாத அம்மனிதரைப் பேச வைத்தார். விவிலியத்தில் ஊமையாய் நின்ற துயரத்துக்குத் தமிழ் நாவு கிடைத்தது இங்கேதான்.

நாடு நீங்கும் துயரம் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. இராமன் காடு செல்கிறான். தந்தையின் சொல்லைக் காக்கச் செல்கிறான். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வைகறை இருளில் வெளியேறுகிறார்கள். இழந்த பொருளை மீட்கச் செல்கிறார்கள். பாரியின் மகளிர் பறம்பை இழக்கிறார்கள். மூவேந்தரின் முற்றுகை அவர்களைத் தந்தையும் குன்றும் இல்லாதவர்களாக்குகிறது. இம்மூன்றனுள் வளனின் நிலைக்கு நெருங்கியவர்கள் பாரி மகளிரே. அரசியல் கொடுமை துரத்த, குற்றம் எதுவும் செய்யாதவர்கள் ஊரைத் துறக்கிறார்கள். வேறுபாடு ஒன்று உண்டு. பாரி மகளிர்க்கு நடந்தது நடந்து முடிந்தது; வளனுக்கோ இனிமேல் நடக்கப்போவதைப் பற்றிய அச்சம். கையில் உள்ள குழந்தையே துரத்தப்படுவதன் காரணம். அக்குழந்தையைக் காப்பதும் கடவுளை நம்புவதும் வளனுக்கு ஒன்றாகிவிடுகின்றன. ஆகையால் இவ்வோட்டத்தில் சோதிக்கப்படுவது காலின் வலிமை மட்டுமன்று, நம்பிக்கையின் வலிமையுமாகும்.

முனிவர் வாழ்ந்த ஊர்

இப்பகுதியை முனிவர் இவ்வளவு விரித்தமைக்கு அவர் படித்த மேலைநாட்டுப் பக்தி நூல்களைக் காரணம் காட்டுவர். ஸ்பெயின் நாட்டுத் துறவியாகிய ஆகிரதா மரியாளின் நூல் அவற்றுள் ஒன்று. அது மெய்யே. எனினும், வேறொரு காரணம் தமிழ் மண்ணிலேயே உண்டு.

இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி 1711-இல் தமிழகம் வந்தார். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர்த்தான், 1693-இல், அருளானந்தர் எனப்பட்ட ஜான் தெ பிரித்தோ ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய அரசில் கிறித்தவர்கள் கடுந்துன்பம் அடைந்தனர். கொள்ளிடத்தைக் கடந்து வடகரைக்கு வந்தோர்க்குப் புகலிடமாக விளங்கியது ஏலாக்குறிச்சி. அரியலூர்ச் சிற்றரசர் மழவராயரின் ஆட்சிக்கு உட்பட்ட அவ்வூரில் முனிவர் நெடுங்காலம் பணியாற்றினார். அவ்வூர்க்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்குள்ள அன்னைக்கு வழங்கும் பெயர் அடைக்கல மாதா. அவ்வூரின்மேல் அவர் பாடியது திருக்காவலூர்க் கலம்பகம். காவல், அடைக்கலம் என்னும் இச்சொற்கள் அணிக்காக இடப்பட்டவை அல்ல. ஓடிவந்தவர்கள் வாழ்ந்த ஊரின் வாழ்க்கைச் சொற்கள் அவை.

முனிவரும் இத்துன்பத்தைத் தொலைவில் நின்று பார்த்தவர் அல்லர். தமிழகம் வந்த சில ஆண்டுகளிலேயே சிறைப்பட்டு, சாவின் விளிம்பைக் கண்டு மீண்டவர். முதுமையில், 1741-இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய குழப்பத்தின்போது, தாம் உருவாக்கிய இடத்தைவிட்டுத் தெற்கே செல்ல நேர்ந்தவர். 1747-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் வாழ்வு முடிந்தது.

இனி, தேம்பாவணியைக் காதால் கேட்ட முதல் தலைமுறையினரை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுள் சிலராவது வீட்டைப் பூட்டாமல் ஓடிவந்தவர்கள். சிலராவது ஓடிவர இயலாமல் தங்கிவிட்ட உறவினரை நினைத்துக்கொண்டிருந்தவர்கள். ‘பைதிரம் நீங்கு படலம்’ அவர்கள் முன் படிக்கப்படும்போது, அது யூதேய நாட்டுப் பழங்கதையாகவா ஒலித்திருக்கும்?

கிளைக்கதைகளின் பயன்

வழிக்கதைகள் பற்றிய குற்றச்சாட்டை இப்போது நோக்குவோம். எசித்துக்குச் செல்லும் வழியில் இஸ்ரவேல் மக்களின் பழைய வரலாறுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. சோசுவன் வெற்றிக்கு ஒரு படலம். சேதையோன் வெற்றிக்கு ஒரு படலம். சீனயி மாமலையைக் காண்பதற்கு ஒரு படலம். கதைப்போக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவை தடைகளே. ஆனால் நடப்பவர்கள் யார், அவர்கள் கையில் என்ன இருந்தது என்று கேட்டால், வேறு விடை கிடைக்கிறது.

இரவில் ஓடுபவர்கள் எதைக் கொண்டு செல்ல முடியும்? எருசலேம் ஆலயத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. பண்டிகையைக் கொண்டு செல்ல முடியாது. குருமாரும் பலிபீடமும் உடன் வாரா. நினைவில் நிற்பது மட்டுமே உடன்வரும். அந்நினைவும் வாயால் சொல்லச் சொல்லத்தான் நிற்கும். சொல்லாத நாளில் மங்கும். ஆகவேதான் முனிவரின் பயணிகள் கதை சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள்.

சொல்லப்படும் கதைகளின் தேர்வும் நோக்கத்தக்கது. சோசுவன் ஊர் இல்லாதிருந்த மக்களை ஊருக்குள் கொண்டு சென்றவன். சேதையோன் சிறு படையை வைத்துப் பெருங்கூட்டத்தை வென்றவன். சீனயி மலையோ எசித்தைவிட்டு வெளியேறிய மக்கள் இறைவனின் கட்டளையைப் பெற்ற இடம். முன்னோர் எந்தப் பாலை வழியே விடுதலைக்காக வெளியே வந்தார்களோ, அப்பாலை வழியே அவர்களின் வழித்தோன்றல் உயிர்காக்க உள்ளே செல்கிறான். வெளியேறியோரின் கதையை, எதிர்த்திசையில் நடந்துகொண்டே கேட்பது எத்தகைய அனுபவம்! இந்த முரணை முனிவர் விளக்கி உரைக்கவில்லை. கதைகளை அவ்வழியில் வைத்ததே போதுமென விட்டுவிட்டார். அவரது காப்பியத் திறன் வருணனையினும் இவ்வமைப்பிலேதான் உயர்ந்து நிற்கிறது.

எனவே கிளைக்கதைகள் வழியின் இடையூறுகள் அல்ல. அவை வழியின் உணவு. இதனை மெய்ப்பிக்கும் சான்று, முனிவர் காலத்துக்கு முன்னரே கடலுக்கு அப்பால் தமிழர் வாழ்விலேயே நடந்திருக்கிறது. அது மருதமடுவின் வரலாறு.

மருதமடு காட்டும் சான்று

ஈழத்தின் வடபகுதியை 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்களை மறைத்து வைப்போர்க்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. மாந்தையில் இருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670-இல் தங்கள் ஆலயத்து மாதா திருவுருவத்தை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கடந்து, வன்னிக் காட்டிலிருந்த மருதமடுவை அடைந்தன என்பது வழிவழி வந்த வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த வேறு கத்தோலிக்கரும் அக்காட்டில் அவர்களோடு சேர்ந்தனர் என்பர்.

நடுநிலையுள்ள எவரும் இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. அதே மாதோட்ட மண்ணில்தான் பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டது. அதற்கும் முன்னர், 1544-இல், மன்னாரில் புதிதாகக் கிறித்தவம் தழுவியோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். ஆட்சி மாறுந்தோறும் வாளின் முனை திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் வழிபாட்டை இழந்தவர்கள் குடிமக்களே. ஓடியவர்களின் நம்பிக்கையைப் போற்றும்போது, அவர்களுக்கு முன் அதே மண்ணில் கோயிலை இழந்து நின்றவர்களையும் நினைப்பதே அறம்.

மருதமடுவில் இருந்தோர்க்கும் யாழ்ப்பாணச் சிற்றூர்களில் மறைந்து வாழ்ந்தோர்க்கும் நிலையான குரு இல்லை. திருப்பலி இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றபின், 1687-இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் வந்தார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு தெருத்தெருவாக நடந்தார் என்றும், அதைக் கண்டவர்களின் முகக்குறிப்பால் தம்மவரை அறிந்துகொண்டார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. சில்லாலை மக்கள் அவரைக் காத்தனர். முப்பது ஆண்டுக்குப் பின்னும் மாலையைக் கண்டு முகம் மாறியது எதனால்? தாத்தாவும் பாட்டியும் செபத்தை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கதையைச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒல்லாந்தர் வருவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன், 1647-இல், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடியிருந்தார். அம்மானை என்பது உட்கார்ந்து கேட்கும் பாட்டு. ஏடு இல்லாவிடினும் செவிவழி வாழக்கூடிய பாட்டு. ஆலயக் கதவு பூட்டப்பட்டாலும் அம்மானையின் வாயைப் பூட்டுவது எளிதன்று.

இவ்வரலாறு பழமையோடு முடியவில்லை. 1990 முதல் ஈழப்போரால் துரத்தப்பட்ட பல்லாயிரவர், சமய வேறுபாடின்றி, மடு ஆலயச் சூழலில் தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அத்திருவுருவமே மீண்டும் இடம்பெயர்ந்தது; தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. 1670-இல் நடந்ததை 338 ஆண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் மறுபடியும் செய்தார்கள். எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனெனில் அக்கதை அவர்கள் கேட்டு வளர்ந்த கதை. 2015 சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் வாஸ் அடிகளுக்குப் புனிதர் பட்டம் அளித்த போப்பாண்டவர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் சென்று அம்மக்களோடு செபித்தார்.

காப்பியத்தின் குறை

இச்சான்றை வைத்து நோக்கும்போது தேம்பாவணியின் பெருமை விளங்குவது போலவே அதன் குறையும் விளங்குகிறது. முனிவர் தம் பயணிகளைத் தனியே விடுவதில்லை. வானவர் உடன்வருகின்றனர், இயற்கை பணிசெய்கிறது. துயரம் ஓரடி எடுத்து வைத்தால் ஆறுதல் ஈரடி முந்திக்கொண்டு வருகிறது. கடவுளே குழந்தையாக உடன்வரும் பயணத்தை வேறு எவ்வாறு பாடுவது என்று முனிவரின் அன்பர் கேட்கலாம். கேள்வி நேரியதே. எனினும், கொள்ளிடத்தைக் கடந்தவர்களுக்கும் வன்னிக் காட்டில் காய்ச்சலோடு கிடந்தவர்களுக்கும் வானவர் குடை பிடிக்கவில்லை. அவர்களின் நம்பிக்கை ஆறுதல் வராத இரவுகளிலும் நின்றது. அந்த இரவு தேம்பாவணியில் போதிய அளவு இருட்டாக இல்லை.

இக்குறைக்கு ஈடாக நிற்பது ‘குழவிகள் வதைப் படலம்’. ஒரு குழந்தை தப்பியது; பெத்தலேமின் மற்றக் குழந்தைகள் தப்பவில்லை. தப்பியவரின் நன்றியுணர்வு தப்பாதவரின் குருதியை மறந்துவிடலாகாது. முனிவர் அப்படுகொலையை ஒரு வரியில் கடந்து செல்லாமல், தனிப் படலமாகப் பாடியது அவர் நேர்மைக்குச் சான்று. தப்பியவர் எவரும், ‘நான் ஏன் தப்பினேன்? அவர்கள் ஏன் தப்பவில்லை?’ என்று கேட்காமல் இருந்ததில்லை. அக்கேள்விக்குச் சமயம் எளிய விடை கூறுமாயின், அவ்விடையை அகதி நம்பமாட்டான். கேள்வியைக் கேட்க இடம் கொடுக்கும் சமயத்தையே அவன் விடாமல் பற்றுவான். ஆறுதல் முந்திவரும் பாடல்களைவிட இப்படலத்தின் பக்கம் வாசகர் மனம் சாய்வதன் காரணம் இதுவே.

மற்றொரு குறையும் உண்டு. எசித்து மக்களைக் காப்பியம் பெரும்பாலும் அறிவுறுத்தப்பட வேண்டியவர்களாகவே காண்கிறது. வளன் அவர்களுக்கு மறையுரைக்கும் ஆசானாக உயர்கிறான். ஆனால் அடைக்கலம் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லரோ? முனிவரின் திருக்காவலூர்க்கு நிலம் வழங்கியவர் இந்துவாகிய மழவராயர். கடலுக்கு அப்பால் வாஸ் அடிகளைத் தம் நாட்டில் வாழவிட்டவர் புத்த சமயத்தவராகிய கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர். வேற்றுச் சமயத்தார் திறந்த கதவினால்தான் பல முறை கிறித்தவ நம்பிக்கை பிழைத்தது. இந்நன்றியை முனிவர் தம் வாழ்வில் அறிந்திருந்தார். காப்பியத்தில் அதற்குரிய இடத்தைத் தரவில்லை. எசித்தின் ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு குடம் தண்ணீர், பெயரறியாத ஒரு கிழவியின் பரிவு ஆகியவற்றுக்கும் ஒரு படலம் அமைந்திருக்குமாயின் நூல் இன்னும் உயர்ந்திருக்கும்.

நமக்கு உரிய பாடம்

மலேசியத் தமிழர்க்கு இப்பகுதி அயலார் கதையன்று. சப்பானியர் ஆட்சியில், 1942-க்குப் பின், ஜொகூர் முதல் வடக்கே உள்ள தோட்டங்கள்வரை ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதோர் பல்லாயிரவர். பின்னர் அவசர காலத்தில், 1950-இல் தொடங்கிய மறுகுடியமர்வுத் திட்டத்தின்கீழ், கம்பி வேலிக்குள் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அங்கெல்லாம் கோயிலும் குருவும் உடன் செல்லவில்லை. இந்துவாயினும் கிறித்தவராயினும் இசுலாமியராயினும், அவர்களுடன் சென்றவை மனப்பாடமாக இருந்த பாட்டும் செபமும் கதையும்தாம். அவற்றுள் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டவை வாழ்கின்றன. சொல்லப்படாதவை அவர்களோடு போய்விட்டன.

மனப்பாடத்தைப் பழைய முறை என்று தள்ளும் காலம் இது. பொருளறியாத மனப்பாடம் பயனற்றது என்பது உண்மையே. ஆயினும், புத்தகமும் விளக்கும் பள்ளிக்கூடமும் பறிக்கப்பட்ட இடத்தில் மனிதனுக்கு மிஞ்சுவது எது என்பதைத் தேம்பாவணியின் நடுக்காண்டம் காட்டுகிறது. மருதமடு அதனை மெய்ப்பித்திருக்கிறது. ஆதலின் தமிழாசிரியர்கள் இக்காப்பியத்தைக் கற்பிக்கும்போது நாட்டு வளத்தோடும் நகர வளத்தோடும் நின்றுவிடாமல், நாடு நீங்கும் படலத்தையும் கற்பிப்பார்களாக. வழிக்கதைகளில் ஒன்றையாவது மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுந்து நின்று சொல்லும்படி செய்வார்களாக. அதன்பின், தம் வீட்டு முதியோர் எவ்வூரிலிருந்து, எதனால், எவற்றைக் கொண்டு வந்தார்கள் என்று கேட்டறிந்து வரச் சொல்வார்களாக. தேம்பாவணி என்பதற்கு வாடாத மாலை என்பது ஒரு பொருள். அம்மாலை ஏட்டில் கிடந்து வாடாதிருக்கவில்லை. ஓடியவர்களின் வாயிலும் செவியிலும் இருந்து வாடாதிருந்தது.